வானியலாளர்கள் ஏன் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டார்கள்?

"ஒருத்தர் பார்த்ததை ஊரெல்லாம் எழுதி என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக: ஒரே ஊரிலிருந்து முழு வானமும் தெரியாது.

1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. காணாமல் போயிருந்த பீலா வால்மீனின் மிச்சம் அவை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ், சென்னை வானியலாளர் போக்சனுக்குத் தந்தி அடித்தார்: பீலா பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி பக்கம் தேடுங்கள். அந்த விண்மீன் கோட்டிங்கனில் தொடுவானத்தை ஒட்டித்தான் எழும், அதற்கு மேலே ஏறாது. டிசம்பர் தொடக்கத்தில் நம்மூரில் விடியற்காலை தென்கிழக்கில் தாழ்வாகத் தெரியும். (காசிமேட்டு மொட்டைமாடியிலிருந்து நான் பார்த்தால் அங்கே துறைமுக விளக்குதான் தெரிகிறது.) நுங்கம்பாக்கம் ஆய்வகத்தில் போக்சன் இரண்டு விடியற்காலை ஒரு வால்மீனைப் பார்த்தார். அது பீலாவே இல்லை என்று பிறகு கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள், அது தனிக்கூத்து.

தந்தி அவசரத்துக்கு. விவரமெல்லாம் கடிதத்தில்தான். நேரத்தை எழுதுவதிலேயே சிக்கல்: 1925 வரை வானியலாளர்களுக்கு நாள் பிறப்பது நண்பகலில். அவர்கள் "2ஆம் தேதி 17 மணி" என்றால் நமக்கு 3ஆம் தேதி காலை 5 மணி.

சங்க விவகாரமும் தபாலில்தான். லண்டன் ராயல் வானியல் கழகத்தில் சேர, உள்ளே இருப்பவர் முன்மொழிய வேண்டியிருந்தது. சென்னை ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1872இல் அப்படித்தான் உறுப்பினரானார்.