கடற்கரையில் சமைக்க எந்தக் கையடக்க அடுப்பு சுலபம்?

முதன்முறை வாங்குகிறவர்களுக்கு கேசட் அடுப்புதான். தட்டையான பெட்டி, பக்கவாட்டில் சுமார் 220 கிராம் பியூட்டேன் டப்பாவைப் படுக்கவைத்துக் குமிழைத் திருகினால் பற்றிக்கொள்ளும். சிகரெட் லைட்டருக்குள் தளும்புகிற அதே சரக்கு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால்தான் வாயுவாக மாறாமல் மக்கர் பண்ணும், ராமநாதபுரம் வெயிலில் அந்தக் கவலையே இல்லை.

இங்கே தொல்லை காற்று. சூடான டீயை நாம் ஊதி ஆற்றுகிறோமே, அதையேதான் கடல்காற்று பாத்திரத்தின் அடியில் செய்கிறது. ராமநாதபுரம் பக்கம் அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பை விட்டு வெளியே வைத்த வரக்காப்பி, சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அரைமணி நேரமாகியும் கொதிக்கவில்லை. அதனால் பர்னரைச் சுற்றித் தகடு உள்ளதாக வாங்குங்கள். டப்பாவின் தலையில் திருகி நிறுத்தும் ரகம் சின்னதுதான், ஆனால் மணலில் சாயும். உப்புக்காற்றில் குமிழின் தீப்பொறி அமைப்பு சீக்கிரம் கெடும், தீப்பெட்டி இருக்கட்டும். அப்புறம், ரயிலில் கேஸ் டப்பா கொண்டுவரக் கூடாது.

காற்றை மறைக்க டப்பாவையும் சேர்த்து மூடுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி மூடினால் டப்பா சூடேறி வெடிக்கலாம். மறைப்பு பர்னருக்கு மட்டும்தான்.