ஆட்குறைப்புக் கடிதம் வரப்போகிறது: பயிற்சிப் பணத்துக்கு யாரைக் கேட்பது?

வாசகி கேள்வி: எனக்கு வயது 41, நிபோங் திபாலில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 14 வருடமாக ஆபரேட்டர் வேலை. போர்டு டெஸ்டிங், பழுதான போர்டை மறுபடி சால்டர் பண்ணுவது இரண்டும் தெரியும். ஓவர்டைமோடு மாதம் சராசரியாக 2,600 வெள்ளி கிடைக்கும். எங்கள் லைனை மூடப் போகிறார்களாம். 'நீங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுங்கள், ரெக்கார்ட் சுத்தமாக இருக்கும்' என்கிறார் எச்ஆரில் இருப்பவர். இன்னொரு பக்கம் ஓர் ஏஜெண்ட், 500 வெள்ளி கட்டினால் 'எச்ஆர்டி பணத்தில்' 5,000 வெள்ளி கோர்ஸ் வாங்கித் தருவதாக வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். எஸ்கேஎம் என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் எடுக்கலாமா? எந்த ஆபிசுக்குப் போவது?

பதில்:

சகோதரி, அந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், நாளைக் காலையே போய், நிர்வாகம் கேட்டுக்கொண்டதால்தான் கொடுத்தேன் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கோர்ஸ், எஸ்கேஎம், ஏஜெண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சொக்சோ (மலாயில் பெர்கேசோ) என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிடித்தத்துக்குப் பக்கத்தில் எஸ்ஐபி அல்லது இஐஎஸ் என்று இன்னொரு சின்ன வரி இருக்கும். உங்கள் சம்பளத்துக்கு அது 5 வெள்ளி 10 காசாக இருக்க வேண்டும். முதலாளியும் அதே தொகையைக் கட்டுகிறார். வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் என்பது இதுதான். 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2018 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. 5 வெள்ளிதானே என்று யாரும் அந்த வரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை போகும் அன்றுதான் அதன் அருமை தெரியும்.

இந்தக் காப்புறுதி வேலையை இழந்தவர்களுக்கானது. தானாக வேலையை விட்டவர்களுக்கு இல்லை. ஆட்குறைப்பு, கம்பெனி மூடல், வி.எஸ்.எஸ். என்கிற விருப்ப விலகல் திட்டம் இவையெல்லாம் சேரும். சொந்த விருப்பத்தில் ராஜினாமா, ஒழுங்கு நடவடிக்கையில் பணிநீக்கம், பணி ஓய்வு, ஒப்பந்தக் காலம் முடிவது இவை சேரா. ஆகவே 'ரெக்கார்ட் சுத்தமாக இருக்கும்' என்ற அந்த ஒற்றைத் தாள் உங்களுக்குக் கிடைக்க வேண்டியதை எல்லாம் ஒரே கையெழுத்தில் அடைத்துவிடும். ஆட்குறைப்பில் வெளியேறியவர் என்பது யாருடைய ரெக்கார்டிலும் கறை இல்லை. பினாங்கில் தொழிற்சாலை வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு அது அன்றாடச் செய்தி.

எவ்வளவு கிடைக்கும்? வேலை தேடும் காலப் படித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம், நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம், ஆறாம் மாதங்களில் 30. எத்தனை மாதம் என்பது சந்தா எவ்வளவு காலம் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல்முறை கோருபவருக்குக் கடைசி 24 மாதத்தில் குறைந்தது 12 மாதச் சந்தா வேண்டும். நீங்கள் ஆரம்பத்திலிருந்தே கட்டி வருவதால் அதில் சிக்கல் இருக்காது. சம்பளம் அட்டவணைப்படி கணக்கிடப்படும். 2,500க்கு மேல் 2,600 வரை உள்ள சம்பளம் 2,550 என்று எடுத்துக்கொள்ளப்படும். அப்படியானால் முதல் மாதம் 2,040, அடுத்து 1,275, பிறகு 1,020 வீதம் இரண்டு மாதம், 765 வீதம் இரண்டு மாதம். ஆறு மாதத்துக்கும் சேர்த்து 6,885 வெள்ளி.

ஒரு நுணுக்கம். சொக்சோ கணக்கில் ஓவர்டைமும் சம்பளம்தான். ஊழியர் சேமநிதியில் அது சேராது, இங்கே சேரும். மூடப்போகும் லைனில் கடைசி மாதங்களில் ஓவர்டைம் வற்றிவிடும், சராசரியும் இறங்கிவிடும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் செய்த ஓவர்டைம் சம்பளச் சீட்டில் விடுபடாமல் ஏறியிருக்கிறதா என்று கடைசி ஆறு மாதச் சீட்டுகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நாள் கணக்கு. வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பெர்கேசோவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நான் தொழிலாளர்களுக்கு பாரம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். பிறையிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாத் தாளையும் பிளாஸ்டிக் கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார், சம்பளச் சீட்டுகூடத் தேதி வாரியாக. கம்பெனி இழப்பீடு கைக்கு வந்த பிறகுதான் சொக்சோவிடம் கேட்கவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காத்திருந்தார். என் மேசைக்கு வந்தபோது 63ஆவது நாள். அந்தக் கோப்பை மூடி அவர் கையில் திருப்பிக் கொடுத்தது இன்னும் நினைவில் இருக்கிறது. இழப்பீடும் படித்தொகையும் வேறு வேறு. ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த இழப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு 1980ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். உங்கள் 14 வருடத்துக்கு 280 நாள் சம்பளம். ஒரு நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதச் சம்பளத்தின் அன்றாடச் சராசரி. 26 நாளால் வகுத்து 28,000 என்று மனக்கோட்டை கட்டவேண்டாம். 12 மாதச் சம்பளமான 31,200ஐ 365ஆல் வகுத்து 280ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 23,900 வெள்ளி வருகிறது. வேலை முடிந்து ஏழு நாளுக்குள் அது கைக்கு வரவேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தவர் என்பதால் எட்டு வார முன்னறிவிப்பும் உண்டு, அல்லது அதற்கு ஈடான சம்பளம். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ராஜினாமா கடிதம் கேட்பவர் ஏன் இவ்வளவு ஆர்வமாக இருக்கிறார் என்று இப்போது புரிந்திருக்குமே.

பேச்சு முற்றி, உங்களை நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று நிலைமை போனால், தொழில் உறவுத் துறையிடம் முறையிடுவதற்கும் 60 நாள்தான் கெடு. இரண்டும் 60 என்பதால் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பெர்கேசோ, மற்றது தொழில் உறவுத் துறை. ஓரிடத்தில் கொடுத்தது இன்னோரிடத்துக்குப் போய்ச் சேராது.

ஏஜெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். எச்ஆர்டி கோர்ப் என்பது முதலாளிகள் கட்டும் பயிற்சி நிதியை நிர்வகிக்கும் அமைப்பு. அதில் உங்கள் பெயரில் பணம் எதுவும் இல்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளூர்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்டுகிறார்கள். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டக்கூடாது. அந்தப் பணம் முதலாளியின் கணக்கில் நிற்கும். தன் தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முதலாளிதான் விண்ணப்பிக்க முடியும். வெளியில் இருக்கும் ஒருவர் 500 வெள்ளி வாங்கிக்கொண்டு அதை உங்களுக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னால், அந்த 500ஐ மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் இதில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கடைசி நாள்வரை நீங்கள் அந்தக் கம்பெனியின் தொழிலாளிதான். முன் அனுபவத்துக்குச் சான்றிதழ் தரும் ஒரு வழி உண்டு. மலாயில் 'பெங்கிக்திராஃபான் பென்சபாயான் தெர்டாஹுலு', சுருக்கமாக பிபிடி. திறன் மேம்பாட்டுத் துறை நடத்துவது. வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்து எஸ்கேஎம் பெறலாம். இதற்கான செலவை முதலாளி தன் லெவியிலிருந்து எடுக்க எச்ஆர்டி கோர்ப்பில் ஒரு திட்டமே இருக்கிறது. ஆகவே எச்ஆர் அதிகாரி மறுபடி அந்தக் கடிதத்தை நீட்டும்போது, நீங்கள் இதைக் கேளுங்கள்: போகிறவர்களுக்கு லெவியிலிருந்து பிபிடி செய்து கொடுக்க முடியுமா? பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். லைன் மூடும் கம்பெனிக்கு, கட்டிக் கிடக்கும் லெவியைச் செலவு செய்வதில் பெரிய மனக்கஷ்டம் இருக்கப் போவதில்லை.

கம்பெனி மறுத்தாலும் ஆதாரங்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். பிபிடியில் பாதி உழைப்பு கோப்பு தயாரிப்பதுதான். என்னென்ன இயந்திரம் இயக்கினீர்கள், எந்தச் சோதனை செய்தீர்கள், எத்தனை வருடம் என்று சூப்பர்வைசர் கையெழுத்திட்ட கடிதம், கம்பெனிக்குள் கொடுத்த சால்டரிங் பயிற்சிச் சான்றிதழ், வருடாந்திர மதிப்பீட்டுத் தாள், புதியவர்களுக்கு நீங்கள் வேலை கற்றுக்கொடுத்த பதிவு எல்லாம் வேண்டும். தொழிற்சாலைக்குள் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள் என்பது தெரியும்; படம் எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளாதீர்கள், கடிதமே போதும். பாஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு அதே சூப்பர்வைசரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

எஸ்கேஎம் ஒன்று முதல் மூன்று நிலை வரை, அதற்கு மேல் டிப்ளோமா நிலைகள். ஆபரேட்டரிலிருந்து டெக்னீஷியன் பக்கம் போக நினைப்பவருக்குச் சான்றிதழ் உதவும். இன்னொரு தொழிற்சாலையில் அதே ஆபரேட்டர் வேலைக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால், 14 வருட அனுபவமே போதும். சான்றிதழுக்காக வேலையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

பயிற்சி நிலையம் என்று பார்த்தால், உங்கள் ஊரிலேயே ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, மனிதவள அமைச்சின் கீழ். அதன் முழுநேரக் கோர்ஸ்கள் பெரும்பாலும் எஸ்பிஎம் என்கிற ஐந்தாம் படிவத் தேர்வு முடித்த பிள்ளைகளுக்கானவை. வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்தால் அவர்களை அனுப்புங்கள். உங்களுக்கென்று குறுகியகாலப் பயிற்சி உண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பாயான் லெப்பாஸில் 1989இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளே சேர்ந்து நடத்துவது. என்ன திறனுக்கு இப்போது கிராக்கி என்று அவர்களுடைய கோர்ஸ் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிடிபிகே என்று யாராவது சொன்னால், அது திறன் பயிற்சிக்கான கடன், திருப்பிக் கட்டவேண்டும். மானியம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர்.

பெர்கேசோவே பயிற்சிக்கும் அனுப்பும். படித்தொகைக்கு விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டவர்கள், அவர்கள் ஏற்றுக்கொண்ட நிலையத்தில் சேர்ந்தால், கட்டணம் நேராக நிலையத்துக்குப் போகும். கைக்காசு போட்டுச் சேர்ந்துவிட்டு ரசீதை நீட்டினால் நடக்காது. முதலில் அனுமதி, பிறகு வகுப்பு. வேலைக்கு மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். மாதாமாதம் வேலை தேடியதற்கு ஆதாரம் காட்டினால்தான் அடுத்த மாதப் படித்தொகை வரும். விண்ணப்பித்த மின்னஞ்சல், நேர்முகத் தேர்வுக்கு வந்த அழைப்பு எல்லாவற்றையும் போனில் ஒரு தனி இடத்தில் போட்டுவையுங்கள். பொருத்தமான வேலையைக் காரணமில்லாமல் மறுத்தாலும் சிக்கல்.

பெர்கேசோ கவுண்டருக்குப் போகும்போது அடையாள அட்டை, ஆட்குறைப்புக் கடிதம், சம்பளச் சீட்டுகள், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு விவரம் இவை கையில் இருக்கட்டும். கணவர் கணக்கைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் அலைந்தவர்கள் உண்டு. கடிதத்தில் 'ஆட்குறைப்பு' என்ற காரணமும் கடைசி வேலை நாளின் தேதியும் தெளிவாக இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள். 'பரஸ்பர சம்மதத்தின் பேரில்' என்று ஒரு வரி நுழைந்திருந்தால், அதை எடுத்துவிட்டு வேறு கடிதம் அடித்துத் தரச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள்.