கிளேர்வோ: மடமும் சிறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்ஸின் கிளேர்வோ மடாலயம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். 12ஆம் நூற்றாண்டுத் துறவி புனித பெர்னார்து நிறுவி வாழ்ந்த இடத்தைச் சிறையாக்கியதை நினைத்தால் மனம் ஆறவில்லை. அந்தச் சிறையும் 2023ல் மூடப்பட்டுவிட்டது. இனியாவது அதன் தடயங்களை அகற்றிவிட்டுப் பழைய மடத்தை மீட்க வேண்டாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

எந்தப் பழைய மடத்தை மீட்பது? 1115ல் பன்னிரண்டு பேருடன் வந்து பெர்னார்து அமைத்த முதல் குடியிருப்பு, 1135 வாக்கில் அவர் இருக்கும்போதே கைவிடப்பட்டது. பெரிய தேவாலயத்தைப் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் இடிக்கவில்லை. 1808ல் நெப்போலியன் அரசு அந்த இடத்தைச் சிறைக்காக வாங்கிய பிறகு, சிறை நிர்வாகம்தான் கல்லுக்காக இடித்தது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து முழுதாக நிற்பது, வயலிலும் பட்டறையிலும் பாடுபட்ட சகோதரர்களின் கட்டடம் மட்டுமே. கீழே உணவுக்கூடம், மேலே படுக்கைக்கூடம். மற்றபடி நாம் காணும் பிரமாண்டமெல்லாம் 18ஆம் நூற்றாண்டின் அரண்மனை போன்ற கட்டுமானம். மடத்துத் தூண்களில் விலங்குருவங்கள் செதுக்குவதையே கண்டித்தவர் பெர்னார்து. சிறையைச் சுரண்டி எடுத்தால் அடியில் கிடைப்பது அந்த ஆடம்பரம்தான், அவருடைய எளிமை அல்ல.

சிறையின் கதையும் எனக்கு முக்கியம். அங்கே கைதிகளை இரவில் அடைத்த கூண்டுகள் இன்னும் இருக்கின்றன. அகலம் ஒன்றரை மீட்டர், நீளம் இரண்டு மீட்டர். 'கோழிக்கூண்டு' என்றே பெயர். 1971 வரை அவற்றில் மனிதர்கள் தூங்கினார்கள். 1839ல் பிரெஞ்சு மத்தியச் சிறைகளில் பேச்சே கூடாது என்று விதி வந்தது. துறவிகள் விரும்பி ஏற்ற மௌனம், அதே சுவர்களுக்குள் தண்டனையானது.

இங்கே பட்டறைத் தலைவரைக் கொன்ற க்ளோத் கெ என்ற கைதியைப் பற்றித்தான் விக்டர் ஹியூகோ 1834ல் மரண தண்டனையை எதிர்த்து எழுதினார். 1971ல் இரண்டு கைதிகள் ஒரு செவிலியையும் காவலரையும் பிணை பிடித்தார்கள். பிணையிலிருந்த இருவரும் கொல்லப்பட்டார்கள். கைதிகளில் ஒருவர் கொலை செய்யவில்லை என்று நீதிமன்றமே ஏற்றும், 1972ல் இருவருக்கும் கில்லட்டின். கொலை செய்யாத அந்தக் கைதிக்காக வாதாடித் தோற்ற வழக்கறிஞர் ரொபேர் பதாந்தேர், 1981ல் நீதி அமைச்சராக மரண தண்டனையை ஒழித்தார். அந்தக் கூண்டுகளைப் பெயர்த்தெறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெர்னார்தின் உலகைத் தேடிப் போவதென்றால் த்ருவா நகர நூலகத்துக்குப் போங்கள். கிளேர்வோ துறவிகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடைக்காலச் சுவடிகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன.