பனி பெய்யாத குமரியில் லாப்ரஸ்: கேள்விகளும் பதில்களும்

நிஜ உலகில் நடந்து திரிந்து, கைபேசித் திரையில் தோன்றும் கற்பனை உயிரிகளைப் பிடிக்கும் விளையாட்டான போக்கிமான் கோ விளையாடும் குமரி மாவட்டத்து நண்பர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே உயிரியைச் சுற்றியே வந்திருக்கின்றன. நீலத் தோல், முதுகில் சாம்பல் நிற ஓடு, நீண்ட கழுத்து. மனிதரை முதுகில் ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் லாப்ரஸ். வரிசை எண் 131, நீரும் பனியும் கலந்த வகை. 1996இல் வெளிவந்த முதல் போக்கிமான் விளையாட்டிலிருந்தே இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த போக்கிமானும் அதுதான். பதில் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பனி வகைக்குப் பனிப்பொழிவு வானிலையில்தான் கூடுதல் பலம் கிடைக்கிறது. நம் ஊரில் பனிப்பொழிவுக்கு எங்கே போவது? லாப்ரஸை வளர்ப்பது வீண்தானே?

வீண் இல்லை தம்பி. பனிப்பொழிவு பனி வகைக்கும் எஃகு வகைக்கும் உதவுகிறது. அது நமக்குக் கிடைக்காது, உண்மைதான். ஆனால் லாப்ரஸ் பாதி நீர். மழை வானிலை நீர், மின்சாரம், பூச்சி ஆகிய மூன்று வகைகளுக்கும் பலம் தரும். மழைக்கு நம் மாவட்டத்தில் என்ன குறை? இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு.

ரெய்டில், அதாவது பலர் சேர்ந்து ஒரு பலமான உயிரியை வீழ்த்திப் பிடிக்கும் சண்டையில், சாதாரண நாளில் பிடிபடும் லாப்ரஸ் 20ஆம் நிலையில் இருக்கும். மழையில் பிடித்தால் 25ஆம் நிலை. பிடிக்கும் திரையில் சாதாரண நாளில் 1509 என்றோ, மழை நாளில் 1886 என்றோ சிபி (சண்டை வலிமை எண்) தெரிந்தால் அது குறையே இல்லாத முழு மதிப்பு லாப்ரஸ். அதைக் கைநழுவ விடாதீர்கள். ரெய்டுக்கு வெளியே தானாகத் தோன்றுபவையும் மழையில் 30க்குப் பதில் 35ஆம் நிலை வரை வரலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். லாப்ரஸின் தாக்குதல்களில் மழை 20 சதவீதம் கூட்டுவது நீர் தாக்குதல்களை மட்டுமே. பனித் தாக்குதல் அப்படியே இருக்கும். அதே மழை மின்சார வகை எதிரிக்கும் பலம் சேர்க்கிறது, மின்சாரம் லாப்ரஸின் பலவீனம். புல், சண்டை, பாறை வகைகளிடமும் அதற்கு அடி அதிகம்.

குலசேகரத்திலிருந்து: வெளியே கொட்டோகொட்டென்று கொட்டுகிறது, திரையில் மேகமூட்டம் என்கிறது. பழுதா?

பழுது இல்லை. விளையாட்டு வானத்தைப் பார்ப்பதில்லை, முன்னறிவிப்பைப் படிக்கிறது. அதுவும் ஒரு பரப்பு முழுவதற்கும் ஒரே வானிலை, மணிக்கு ஒரு முறைதான் மாறும். அடுத்த மணி வரை பொறுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: எங்கள் பக்கம் ஆனி, ஆடி முழுக்கக் காற்று. ரெய்குவாசா ரெய்டுக்கு லாப்ரஸ் போதுமா?

காற்று வீசும் வானிலை டிராகன், பறக்கும், மனோசக்தி வகைகளுக்கு உரியது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்று உங்கள் எதிரியையும் வலுப்படுத்தும். ரெய்குவாசா டிராகனும் பறக்கும் வகையும் சேர்ந்தது. அந்த இரண்டு வகைகளுக்கும் பனித் தாக்குதல் பலவீனம். 1.6 பெருக்கல் 1.6, அதாவது 2.56 மடங்கு. ஆகவே பனிப்பொழிவின் உதவி இல்லாமலே பனி வகை அங்கே வெல்லும்.

ஆனால் லாப்ரஸ் மீதுள்ள பாசத்தால் உங்களைத் தவறாக வழிநடத்த மாட்டேன். அதன் தாக்குதல் மதிப்பு 165தான், இன்னொரு பனி வகைப் போக்கிமானான மாமோஸ்வைனுக்கு 247. லாப்ரஸின் பெருமை அதன் 277 உயிர்ச்சக்தியில் இருக்கிறது: நின்று தாங்கும், விரைந்து வீழ்த்தாது. ரெய்டில் நேரம் ஓடிக்கொண்டே இருப்பதால் அதன் ஆரம்ப வடிவமான ஸ்வினப்களைச் சேர்த்து, சின்னோ கல் என்ற பொருளைக் கொடுத்து மாமோஸ்வைன் ஆக்குங்கள். அணியின் கடைசி இடம் லாப்ரஸுக்கு.

மார்த்தாண்டத்திலிருந்து: ஆர்ட்டிகுனோ சிறந்ததா, லாப்ரஸ் சிறந்ததா?

எனக்கு லாப்ரஸ்தான். ஆர்ட்டிகுனோ பனியும் பறக்கும் வகையும் என்பதால் பாறைத் தாக்குதல் அதற்கு இரட்டிப்பாக வலிக்கும். அழகில் இரண்டும் சமம்.

முட்டத்திலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி: லாப்ரஸ் சாயங்காலம் சோகமாகப் பாடும் என்று படித்தேன். ஏன்?

மக்களே, நல்ல கேள்வி. ரூபி, சஃபையர் என்ற போக்கிமான் விளையாட்டுகளில் உயிரிகளைப் பற்றிச் சொல்லும் குறிப்பேட்டில் இருக்கும் செய்தி அது. லாப்ரஸ் சாதுவானது, அபூர்வமாகத்தான் சண்டையிடும். அதனாலேயே மனிதர்கள் எளிதாகப் பிடித்துப் பிடித்து, இனமே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் தன் இனத்தாரைத் தேடித்தான் அது அந்தியில் பாடுகிறது.

உன் ஊர்க் கடற்கரையில் பெரியவர்களிடம் பங்குனி ஆமை பற்றிக் கேட்டுப் பார். இரவில் மணலேறி முட்டையிட்டுவிட்டுத் திரும்பும் அந்த ஆமைக்கு இன்று சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. லாப்ரஸுக்கும் பின்னாளில் நல்லது நடந்தது. அலோலா தீவுகளில் நடக்கும் பிந்தைய விளையாட்டுகளின் கதைக்கு வரும்போது, பாதுகாத்ததால் அதன் எண்ணிக்கை தேவைக்கு மேலேயே பெருகிவிட்டது என்று குறிப்பேடு சொல்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

குளச்சலிலிருந்து ஒரு தாய்: என் மகன் இதைப் பிடிக்கக் கடலோரப் பாறைக்குப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அக்கா. நீர் வகை என்பதால் அலையோரத்தில் நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. திரையில் தெரியும் உயிரியைச் சற்றுத் தள்ளி நின்றே தொடலாம்; ரெய்டு என்றால் ஊருக்குள் இருக்கும் ஜிம்மிலும் (விளையாட்டு வரைபடத்தில் உள்ள சண்டைக் களம்) வரும். நம் கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளிலும் கள்ளக்கடல் ஏறிவரும். எங்கோ தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலை அது, நம் கரையில் முன் அடையாளம் காட்டாது. பாறையில் குனிந்த தலையோடு நிற்கும் பையனுக்கு அது தெரியாது. நானும் ஒரு முறை பாசி பிடித்த பாறையில் வழுக்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். அன்றோடு கடலோரத்தில் கைபேசியைப் பையில் வைத்துவிடுகிறேன். மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கருங்கலிலிருந்து: சித்தப்பா பல வருடம் முன்பு துபாயிலிருந்து கொண்டுவந்த, பழைய கேம் பாய் விளையாட்டான போக்கிமான் கோல்டு கேசட் கிடைத்தது. அதில் லாப்ரஸ் எங்கே?

யூனியன் குகையின் அடித்தளத்தில், தண்ணீரின் மேல், வெள்ளிக்கிழமை மட்டும். 20ஆம் நிலையில் ஒன்றே ஒன்று நிற்கும். அங்கே போக, நீரைக் கடக்க உதவும் சர்ஃப் என்ற திறன் வேண்டும். ஆனால் முதலில் கேசட்டின் பேட்டரியைக் கவனியுங்கள். கிழமை காட்டும் கடிகாரமும் சேமிப்பும் உள்ளே இருக்கும் சிஆர் 2025 பேட்டரியில்தான் ஓடுகின்றன. இத்தனை வருடத்தில் அது தீர்ந்திருக்கும். ஈயம் பற்றவைத்துப் பழகியவரிடம் கொடுத்து மாற்றுங்கள். பிறகு புதிதாகத் தொடங்கி, கிழமையைச் சரியாக வைத்து, லாப்ரஸின் முன்னால் போய் நின்றதும் ஒரு முறை சேமித்துவிட்டு அதைத் தொடுங்கள். தவறி வீழ்த்திவிட்டால் அடுத்த வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம்.