கம்பெனிப் பெயர் பதிவாகிவிட்டது, ஆனால் வக்கீல் கடிதம் வந்திருக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மா 1998-லிருந்து வீட்டிலேயே மாங்காய், எலுமிச்சை ஊறுகாய் போட்டு, கோயில் விழாக்களிலும் தெரிந்த கடைகளிலும் விற்றுவந்தார். பாட்டில் மேல் அவர் பெயர்தான் இருக்கும். சென்ற ஆண்டு நானும் தம்பியும் அதே பெயரில் பிரைவேட் கம்பெனி ஆரம்பித்து, மசாலாத் தூளும் விற்கத் தொடங்கினோம். கம்பெனிகளைப் பதிகிற அரசு அலுவலகமான சிஐபிசி பெயரை ஏற்றுச் சான்றிதழும் கொடுத்துவிட்டது. லேபிள் அச்சடித்து, பக்கியிலும் (சரக்கு வண்டியிலும்) பெயர் எழுதியாகிவிட்டது. இப்போது ஜோகன்னஸ்பர்க் மசாலா நிறுவனம் ஒன்றின் வக்கீலிடமிருந்து கடிதம். 2011-இல் அவர்கள் பதிவு செய்த டிரேட்மார்க்கை (வணிகச் சின்னத்தை)ப் போலவே எங்கள் பெயர் இருக்கிறதாம்; 10 நாளுக்குள் நிறுத்த வேண்டுமாம். அரசாங்கமே கொடுத்த பெயரை இன்னொருவர் எப்படித் தடுக்க முடியும்?

பதில்: தடுக்க முடியும், சகோதரி. ஆனால் உங்கள் விஷயத்தில் முழுவதையும் தடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊறுகாய்க்கு ஒரு பதில், மசாலாவுக்கு இன்னொரு பதில். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்பதால் உங்களுடையதை ‘செண்பகம்’ என்றும் அவர்களுடையதை ‘செம்பகா’ என்றும் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தச் சான்றிதழைப் பற்றி. நம் கடைக்காரர்களில் பாதிப்பேர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிஐபிசி ஒரே அலுவலகம்தான், ஆனால் அதில் கம்பெனிப் பதிவேடு வேறு, டிரேட்மார்க் பதிவேடு வேறு. முன்னது 2008-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது. பின்னது 1993-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் கீழ் வருவது. கம்பெனிச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழ் மாதிரி: இப்படி ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும், அவருக்கு நிலம் இருக்கிறதென்று சொல்லாது. இன்னொருவருடைய டிரேட்மார்க்கோடு குழப்பம் தரும்படி கம்பெனிப் பெயர் இருக்கக் கூடாது என்று கம்பெனிச் சட்டத்தின் 11-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் பெயர் ஒதுக்கும்போது ஓசை ஒற்றுமையெல்லாம் அவ்வளவு ஆழமாகப் பார்க்கப்படுவதில்லை. பெயர் கிடைத்த பிறகும் 160-ஆம் பிரிவின்படி அவர்கள் கம்பெனித் தகராறுகளைக் கேட்கும் கம்பெனி டிரைபியூனலுக்குப் போய்ப் பெயரை மாற்ற உத்தரவு கேட்கலாம்.

இரண்டு பெயர்களும் குழப்பம் தருமா என்பதற்கு நீதிமன்றம் இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. 1984-இல் பெயின்ட் கம்பெனிகள் இரண்டுக்கு நடுவே நடந்த பிளாஸ்கன்-எவன்ஸ் வழக்கிலிருந்து இன்றுவரை அளவுகோல் ஒன்றே: சாதாரண புத்தியும் சாதாரண கண்பார்வையும் உள்ள ஒருவர், சாதாரண கவனத்தோடு வாங்கும்போது, முன்பு பார்த்த பெயரை அரைகுறையாக நினைவில் வைத்திருந்தால் ஏமாறுவாரா? பார்வை, ஓசை, சொல்லின் அர்த்தம் மூன்றையும் பார்ப்பார்கள். போனில் “ரெண்டு பாக்கெட் செண்பகம் அனுப்புங்க” என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். செம்பகாவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெய்யெழுத்தும் கடைசி ஓசையும்தான் வித்தியாசம். அதுவும் இங்கே நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம், நம் பிள்ளைகளில் பலர் தமிழ் படிப்பதில்லை. ஸ்பெல்லிங் வேறு என்ற வாதம் நிற்காது.

விற்கிற பொருளும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். டிரேட்மார்க் பதிவில் பொருள்களை எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாவும் சட்னியும் 30-ஆம் வகுப்பு. ஊறுகாய் 29-ஆம் வகுப்பு. உணவகம் 43-ஆம் வகுப்பு. கடிதத்தில் உள்ள பதிவு எண் 30-ஆம் வகுப்புக்கு மட்டும்தானா என்று பாருங்கள். அப்படியென்றால் உங்கள் மசாலாத் தூள் அவர்களோடு நேருக்கு நேர் மோதுகிறது. ஊறுகாய் வேறு வகுப்பு என்பதாலேயே தப்பிவிடாது, ஏனென்றால் ஒத்த பொருள்களுக்கும் டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு பொருந்தும். இரண்டும் ஒரே கடையில் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு: லக்கி ஸ்டார் பில்சர்ட் டின் நம் வீடுகளில் இல்லாத வீடே இல்லை, மீன் குழம்பென்றால் பாதி நாள் அதுதான். அந்த நிறுவனம் லக்கி ஃபிஷ் என்ற மீன்-சிப்ஸ் கடைகளின் மேல் வழக்குப் போட்டது. 2016-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், குழப்பம் வராது என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. ‘லக்கி’ எல்லோரும் பயன்படுத்தும் பொதுவான சொல், அதை ஒருவர் தனக்கென்று பிடித்துவைக்க முடியாது. ‘செண்பகம்’ அப்படிப்பட்ட சொல்லா? பூவின் பெயர்தான், ஆனால் மசாலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் அவர்கள் டிரேட்மார்க் வலுவானது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

“எங்கள் அம்மாவின் சொந்தப் பெயராயிற்றே” என்று கேட்பீர்கள். சொந்தப் பெயரை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தலாம் என்று சட்டம் சொல்வது உண்மைதான். நம்மில் நாயுடு, பிள்ளை, கோவிந்தர், மூட்லி என்று ஒரே பெயரில் ஆயிரக்கணக்கானோர் இருக்கும்போது அந்த விலக்கு மிகவும் தேவை. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு: டிரேட்மார்க் பதிவான தேதிக்குப் பிறகு பதிவான கம்பெனிக்கு அந்த விலக்கு கிடையாது. உங்கள் கம்பெனி சென்ற ஆண்டு, அவர்கள் பதிவு 2011. அம்மா தன் பேரிலேயே விற்றுக்கொண்டிருந்தால் ஒரு வாதம் இருந்திருக்கும். கம்பெனி ஆனதும் அந்தக் கதவு மூடிவிட்டது. கம்பெனி ஆரம்பித்தால் பாதுகாப்பு கூடும் என்று அக்கவுன்டன்ட் சொல்லித்தான் நிறையப்பேர் ஆரம்பிக்கிறார்கள். கடன் விஷயத்தில் அது சரி, பெயர் விஷயத்தில் இப்படி ஒரு விலை இருக்கிறதென்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் வேறு. 36-ஆம் பிரிவு. ஒருவர் டிரேட்மார்க் பதிவு செய்வதற்கு முன்பும், அவர் அதைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன்பும், இன்னொருவர் அதே மாதிரிப் பெயரை நல்லெண்ணத்தோடு தொடர்ந்து பயன்படுத்தி வந்திருந்தால், அவரைப் பதிவு தடுக்காது. இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்னால் நீங்கள் இருக்க வேண்டும். 1998-லிருந்து அம்மா விற்றார் என்றால், அவர்கள் பதிவு தேதிக்கு முந்திவிட்டீர்கள். அவர்கள் முதன்முதலில் எப்போது விற்றார்கள் என்பதுதான் மீதிக் கேள்வி. கடிதத்துக்குப் பதில் எழுதும்போது முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

ஆனால் இந்த உரிமை அம்மா விற்ற பொருளுக்குத்தான். ஊறுகாய்க்கு. சென்ற ஆண்டு சேர்த்த மசாலாவுக்கு இல்லை.

அப்புறம், ‘தொடர்ந்து’ என்ற சொல்லை நிரூபிக்க வேண்டும். உட்கார்ந்து தேடுங்கள். காவடித் திருவிழாவில் கடை போட்டதற்குக் கோயில் கமிட்டி கொடுத்த ரசீது, விழா மலரில் வந்த விளம்பரம், பாட்டில் தெரிகிற குடும்பப் புகைப்படம், பாட்டில் வாங்கிய கடை பில், டொங்காட்டிலோ வெருலத்திலோ வாங்கிப்போன கடைக்காரர் எழுதித் தரும் சத்தியக் கடிதம். தேதி உள்ள காகிதம் எதுவானாலும் தங்கம். ஐந்தாறு வருடத்துக்கு ஒன்றாவது கிடைத்தால் இழை அறுபடாமல் காட்டலாம். பழைய போனில் உள்ள வாட்ஸ்அப் ஆர்டர்களை அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று: அந்தப் பழைய உரிமை அம்மாவுடையது, கம்பெனியுடையது இல்லை. ஊறுகாய் வியாபாரத்தையும் அதன் நற்பெயரையும் பெயரோடு சேர்த்துக் கம்பெனிக்கு மாற்றியதாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக நடந்திருந்தால் இப்போது எழுதிக் கையெழுத்துப் போடலாம், ஆனால் இன்றைய தேதியில். பழைய தேதி போட்டு எழுதாதீர்கள். நீதிமன்றத்தில் அந்த ஒரு காகிதம் உங்கள் நல்ல காகிதங்களையும் கெடுத்துவிடும்.

கடிதத்துக்கு வருவோம். 10 நாள் என்பது அவர்கள் வைத்த கெடு, நீதிமன்றம் வைத்ததில்லை. அதற்காக அலமாரியில் போட்டுவிடாதீர்கள். கோபத்தில் நீங்களே பதில் எழுதவும் வேண்டாம்; “உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியும்” என்று ஒரு வரி எழுதினால் அதையே எடுத்துக்காட்டுவார்கள். டிரேட்மார்க் பார்க்கும் அட்டர்னியிடம் போய், இந்த ஒரு பதிலுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு விற்பனைப் பத்திரம் எழுதித் தந்த அட்டர்னி நல்லவராக இருக்கலாம், ஆனால் இது தனி வேலை. டிரேட்மார்க் அட்டர்னி பார்க்க வேண்டியவை: அந்தப் பதிவு உயிரோடு இருக்கிறதா (10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்), எந்தப் பொருளுக்கு, கடந்த 5 ஆண்டில் உண்மையிலேயே விற்றிருக்கிறார்களா. 5 ஆண்டு பயன்படுத்தாமல் கிடந்தால் 27-ஆம் பிரிவின்படி அதை நீக்கக் கேட்கலாம்.

வழக்குக்குப் போனால் அவர்கள் கேட்கக்கூடியது தடையுத்தரவு, லேபிளை அகற்றுதல், நஷ்டஈடு அல்லது அதற்குப் பதிலாக நியாயமான ராயல்டி (பெயரைப் பயன்படுத்தியதற்கான தொகை). உயர் நீதிமன்றச் செலவு உங்கள் அளவுக் கடையை மூடிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மசாலாவை விட்டுக்கொடுத்து ஊறுகாயைக் காப்பாற்றுவேன். அச்சடித்த மசாலா லேபிள் தீரும்வரை சில மாத அவகாசம் கேட்பேன், பெரும்பாலும் தருவார்கள். ஊறுகாய்க்கு இருவரும் அவரவர் வழியில் போகலாம் என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு, 29-ஆம் வகுப்பில் பெயரைப் பதியக் கேட்பேன். நேர்மையாக இணையாகப் பயன்படுத்தியவருக்கு அப்படிப் பதிய 14-ஆம் பிரிவு இடம் தருகிறது.

மசாலாவுக்குப் புதுப் பெயர் வேண்டும். ‘டர்பன் கறி மசாலா’ போல ஊரையும் பொருளையும் சொல்லும் பெயர் வேண்டாம். அதை யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள், நீங்களும் யாரையும் தடுக்க முடியாது. நாளை பக்கத்துக் கடைக்காரர் அதையே ஒட்டுவார். லட்சுமி, முருகன், கணேஷ் என்று தெய்வப் பெயர் வைக்க ஆசை இருக்கும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே பலர் வைத்திருப்பதால் தேடும்போதே மோதும். இந்தியாவில் பிரபலமான பிராண்டின் பெயர் இங்கே காலியாக இருக்கிறதே என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மக்டொனால்ட்ஸ் இங்கே கடை திறக்கும் முன்பே அதன் பெயரைப் பிடிக்கப் பார்த்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் மக்டொனால்ட்ஸ் தோற்றது. 1996-இல் மேல்முறையீட்டில், இங்கே வியாபாரம் இல்லாவிட்டாலும் நன்கு அறியப்பட்ட பெயருக்குப் பாதுகாப்பு உண்டென்று 35-ஆம் பிரிவின்படி ஜெயித்தது.

புதுப் பெயரைத் தேடும்போது சிஐபிசியின் கம்பெனித் தேடலோடு நிற்காமல் டிரேட்மார்க் பதிவேட்டில் 29, 30 இரண்டையும் பாருங்கள். ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் போட்டுப் பாருங்கள்: ‘தி’க்கு டி, டிஹெச், ‘ச’வுக்கு எஸ், சிஹெச். பதியாமலே பல வருடம் விற்பவருக்கும் பொதுச் சட்டத்தில் உரிமை உண்டு. அதனால் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் ஒரு சுற்று நடந்து, ஃபேஸ்புக்கிலும் .கோ.ஸெட்ஏ இணைய முகவரிகளிலும் பாருங்கள். விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 590 ரேண்ட். ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம். ஏற்றுக்கொண்ட பிறகு பேட்டன்ட் ஜர்னல் என்ற அரசு இதழில் வெளியிட்டு, எதிர்ப்புச் சொல்ல 3 மாதம் விடுவார்கள். எல்லாம் முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும், ஆனால் விண்ணப்பித்த தேதியிலிருந்தே உங்கள் இடம் கணக்கில் வரும். அதுவரை லேபிளில் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடாதீர்கள். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது குற்றம்.

பக்கியில் எழுதிய பெயரை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். ஊறுகாய் என்ற சொல்லை மட்டும் விட்டு, மசாலா என்பதை மறைத்துவிடுங்கள். அட்டர்னியிடம் போகும்போது கடிதம், அதன் உறை, கம்பெனிச் சான்றிதழ், அம்மாவின் பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். முதல் பாட்டில் எங்கே, யாருக்கு விற்றார் என்று அவர் வாயால் சொல்வதை அட்டர்னி அன்றே எழுதிக்கொள்ளட்டும்.