"உலகக் காப்புரிமை" என்று ஒன்று இல்லை. தம்பியின் பெயரில் சென்னையில் தொடங்குங்கள்

கேள்வி: என் தம்பி பெரம்பலூர் மாவட்டத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், பத்தாவது வரை படித்தவன். கொத்தாகக் கொட்டப்படும் சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தாளையும் வேரையும் ஒரே ஓட்டத்தில் நறுக்கும் இயந்திரம் ஒன்றைச் சொந்தமாகச் செய்திருக்கிறான். சென்ற மாதம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டினான். நான் சிங்கப்பூரில், துவாஸில், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை செய்கிறேன். இங்கே தேக்காவில் உள்ள ஓர் ஆலோசகர், 6,500 சிங்கப்பூர் வெள்ளிக்கு "உலகக் காப்புரிமை" வாங்கித் தருவதாகவும், பணம் போடுவது நான் என்பதால் என் பெயரில் இங்கேயே விண்ணப்பித்துவிடலாம் என்றும் சொல்கிறார். 500 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியையும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்பதாகச் சொல்லும் பொருளே உலகில் கிடையாது. காப்புரிமை, அதாவது பேட்டன்ட், ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத் தருவது; இந்தியாவில் கிடைத்தது இந்தியாவுக்குள்ளும் சிங்கப்பூரில் கிடைத்தது சிங்கப்பூருக்குள்ளும் மட்டுமே செல்லும். ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் வழியாகச் செய்யப்படும் அனைத்துலக விண்ணப்பம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளின் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் பிடித்துத் தருகிறது, அவ்வளவுதான். பிறகு வேண்டிய நாடுகளில், பெரும்பாலும் 30 அல்லது 31 மாதங்களுக்குள், தனித்தனியாகக் கட்டணம் கட்டித் தொடராவிட்டால் அந்த இடமும் போய்விடும். அந்த விண்ணப்ப எண்ணைத்தான் இடைத்தரகர்கள் "உலகக் காப்புரிமை எண்" என்று சொல்லி விற்கிறார்கள்.

சிங்கப்பூரில் முதலில் விண்ணப்பிப்பது என்ற யோசனை பணத்தை மட்டுமல்ல, உரிமையையும் கெடுத்துவிடும். உங்கள் தம்பி இந்தியாவில் வசிக்கிறார். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் தம் கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்க வேண்டுமானால், முன்கூட்டியே எழுத்து அனுமதி பெற வேண்டும், அல்லது இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். இதை மீறினால் இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். சிங்கப்பூர்ச் சட்டத்திலும் இதற்கு இணையான ஒரு பிரிவு உண்டு: இங்கே வசிப்பவர், பதிவாளரின் அனுமதி பெறாமலோ முதலில் இங்கே பதிவு செய்து இரண்டு மாதம் காத்திருக்காமலோ, வெளிநாட்டில் விண்ணப்பிக்கவும் கூடாது, பிறரைக் கொண்டு விண்ணப்பிக்க வைக்கவும் கூடாது. வெளிநாட்டில் வசிப்பவர் தம் நாட்டிலேயே முதலில் பதிவு செய்த கண்டுபிடிப்புக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே தம்பியே, தம் பெயரில், சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் முதலில் விண்ணப்பிக்கட்டும். இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் வழி அதுதான்.

பெயர் விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். பணம் போட்டவர் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட மாட்டார். விண்ணப்பதாரர் கண்டுபிடிப்பாளராக இருக்க வேண்டும், அல்லது அவரிடமிருந்து எழுத்து மூலம் உரிமை பெற்றவராக இருக்க வேண்டும். உங்கள் பெயரைச் சேர்த்தால் நட்டமும் உண்டு. இந்தியாவைப் போன்ற வளரும் நாட்டின் குடிமகனாகவும் அங்கேயே வசிப்பவராகவும் உள்ள தனிநபருக்கு அனைத்துலக விண்ணப்பக் கட்டணத்தில் 90 விழுக்காடு தள்ளுபடி உண்டு. விண்ணப்பதாரர் பலர் இருந்தால் ஒவ்வொருவரும் அந்தத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். துவாஸில் வசிக்கும் நீங்கள் சேர்ந்தால் தம்பியின் தள்ளுபடி போய்விடும். உங்கள் பணத்துக்கு உரிய பங்கை இருவருக்கும் இடையே தனி ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்படுத்திய வரிக்கு வருகிறேன்: கல்லூரிக் கண்காட்சி. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே ஊரறிந்துவிட்ட பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. "ஓராண்டுச் சலுகை இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று ஆலோசகர் சொல்லியிருப்பார். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் கண்காட்சிக்கான அந்தச் சலுகை, மத்திய அரசு தன் அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே உரியது. கல்லூரி முதல்வர் ரிப்பன் வெட்டிய கண்காட்சிக்கு அது கிடையாது. இன்னொரு சலுகை, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் சோதனைக்காக வெளியிடத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு உரியது. அது செல்ல வேண்டுமானால், ஓட்டியது சோதனைக்காக மட்டுமே இருக்க வேண்டும். கண்டுபிடிப்பின் தன்மையை நோக்க, அதை வெளியில் வைத்துத்தான் சோதிக்க வேண்டியிருந்தது என்றும் காட்ட வேண்டும். அறுவடை முடிந்து வெங்காயம் குவிந்திருக்கும் களத்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் அதற்காக வாதாடலாம். மாணவர் கூட்டத்துக்கு நடுவே, கைதட்டலுக்காக ஓட்டியதைச் சோதனை என்று எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

அப்படியானால் எல்லாம் போய்விட்டதா? தம்பியிடம் இன்றிரவே ஒன்றைக் கேளுங்கள்: இயந்திரத்தை ஓட்டியபோது அதன் மூடி திறந்திருந்ததா? வெங்காயத் தாள் நறுக்கும் இயந்திரங்கள் உலகில் ஏற்கெனவே உள்ளன; உங்கள் தம்பியின் சரக்கு, தாறுமாறாக விழும் வெங்காயத்தைக் கத்தியின் முன் நிமிர்த்தி நிறுத்தும் அந்த உள்பாகம்தான். மூடி மூடியிருந்து, மேலே கொட்டிய வெங்காயம் கீழே சுத்தமாக வந்ததை மட்டுமே கூட்டம் பார்த்திருந்தால், விவரம் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே உள்ளதைச் செய்துவிட முடியாது. அப்போது புதுமை தப்பியிருக்க நல்ல வாய்ப்புண்டு. மூடியைத் திறந்து உருளைகளைக் காட்டி விளக்கியிருந்தால் நிலைமை மோசம். அதற்குப் பிறகு செய்த மேம்பாடு ஏதாவது இருந்தால் அதைக் காப்பாற்றப் பாருங்கள். யாராவது எடுத்த காணொளி யூடியூபிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ உலவுகிறதா என்பதையும் விசாரியுங்கள். விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை இனி எவருக்கும், வாங்க வந்த வியாபாரிக்குக்கூட, உள்பாகத்தைக் காட்ட வேண்டாம்.

செலவைப் பார்ப்போம். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முதலில் தற்காலிக விவரணம், அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட எழுத்து விளக்கம், கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரணம் கொடுக்கலாம். பரிசீலனை கோரத் தனியாக 4,000 ரூபாய். அதை 31 மாதங்களுக்குள் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தரகர் விண்ணப்ப எண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்; பரிசீலனைக் கோரிக்கையை எவரும் போடமாட்டார்கள்; கெடு முடிந்ததும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்பட்டுவிடும். 18 மாதத்தில் எல்லா விண்ணப்பமும் தானாக வெளியிடப்படுவதைக் காட்டி "வந்துவிட்டது" என்று இனிப்புக் கொடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கட்டணம் குறைவுதான், விண்ணப்ப வரைவு எழுதக் காப்புரிமை முகவர் கேட்கும் தொகை அதைப்போல் பல மடங்கு. அதற்கு ஒரு காரணம் முகவர்கள் அல்ல, விதிமுறை. ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தம் கையால் உருக்கி, கடைந்து, பொருத்திய இயந்திரத்தைத் தம் தாய்மொழியில் அங்குலம் அங்குலமாக விளக்கத் தெரிந்த ஒருவர், சென்னையிலேயே இருக்கும் அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு பக்கம்கூட எழுதிக் கொடுக்க முடியாது. உள்நாட்டுக் கண்டுபிடிப்பு, சுயசார்பு என்று மேடைதோறும் பேசப்படும் ஒரு நாட்டில் இந்த ஒரு விதியை மாற்ற இத்தனை ஆண்டுகளா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தரகர்களின் பிழைப்பே இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், தங்க நிற ஓரம் போட்டு லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றை என் மேசையில் வைத்து, "என் காப்புரிமை" என்றார். வாங்கிப் பார்த்தேன், அது வடிவமைப்புப் பதிவு. அவருடைய கருவியின் வெளிக்கூட்டின் வடிவத்துக்கு மட்டுமே பாதுகாப்பு. உள்ளே இயங்கும் முறையை எவரும் நகலெடுக்கலாம். அதற்கு அவர் கொடுத்தது 4,000 வெள்ளி. ஆகவே சான்றிதழைப் பார்த்து மயங்காமல் எண்ணைப் பாருங்கள். இந்தியக் காப்புரிமை விண்ணப்ப எண்ணில் 12 இலக்கங்கள் இருக்கும்: முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம், சென்னை என்றால் 4. அந்த எண்ணை அரசின் தேடல் தளத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம். முகவரின் பெயர் பதிவுபெற்ற முகவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அதே அரசுத் தளத்தில் சரிபாருங்கள்.

உங்கள் தம்பிக்கு ஒரு நல்ல கதவும் திறந்திருக்கிறது. குஜராத்தில் இயங்கும் தேசியப் புத்தாக்க நிறுவனம், 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது, பெரிய படிப்போ நிறுவன ஆதரவோ இல்லாத இத்தகைய அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்களுக்காகவே உள்ளது. தேர்ந்தெடுக்கும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை விண்ணப்பத்தைத் தானே முன்னின்று செய்து தருகிறது. பதில் வரத் தாமதமாகலாம் என்பதால், தற்காலிக விவரணத்தை முதலில் கொடுத்துவிட்டு அங்கே எழுதச் சொல்லுங்கள்.

கொடுத்துவிட்ட 500 வெள்ளியை விட்டுவிட வேண்டியதில்லை. "உலகக் காப்புரிமை" என்று அவர் சொன்னதற்கான குறுஞ்செய்தியையும் ரசீதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதிப்பதும் இல்லை. வாடிக்கையாளராக 5,000 வெள்ளிவரையிலான கோரிக்கையைப் பதிய 10 வெள்ளிதான் ஆகும். இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.