பட்டாளத்துக்காரரின் பட்டப்படிப்பு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். ஆவடியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி ராணுவத்தில் சிப்பாய். வயது 25. பிளஸ் டூ முடித்ததும், நாலு வருடப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வருவதற்கு முன்பே, சேர்ந்துவிட்டான். இப்போது அருணாசலப் பிரதேசத்தில் இருக்கிறான். போன மாதம் லீவில் வந்தபோது ஒரே பேச்சு, “அக்கா, எப்படியாவது ஒரு டிகிரி வாங்கிடணும்” என்பதுதான்.

அம்பத்தூரில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தான். 65,000 ரூபாய் கட்டினால் ஒன்றரை வருடத்தில் டிகிரி, மிலிட்டரி ஆட்கள் பரீட்சைக்கு வரவே வேண்டாம் என்றார்களாம். எங்கள் பெரியப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோ, “15 வருஷம் சர்வீஸ் போட்டா அதுவே டிகிரிக்குச் சமம், காசைக் கரியாக்காதே” என்கிறார். என்னோடு வேலை செய்யும் தோழியின் உறவினர் ஒருவர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார். அவருக்குக் கல்லூரிக் கட்டணத்தை ராணுவமே கட்டுகிறதாம். நம் நாட்டில் ஏன் அப்படி இல்லை? சம்பளம் வாங்குகிறவனுக்கு அரசாங்கம் ஃபீஸும் கட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமா? தம்பி என்ன செய்யலாம்?

தம்பி சர்வீஸில் இருப்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

எஸ்., ஆவடி

அன்புள்ள எஸ்.,

அந்தக் கன்சல்டன்சிக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டவே வேண்டாம். பரீட்சை எழுதாமல் எந்த உண்மையான பல்கலைக்கழகமும் பட்டம் தராது. பட்டாளத்தில் போலிச் சான்றிதழோடு மாட்டினால் உங்கள் தம்பிக்கு வேலையே போய்விடும். இப்போது தொலைநிலைப் படிப்பில் சேர, மாணவரே பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தளத்தில் தனக்கென ஒரு அடையாள எண் எடுக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்பு நடத்த அனுமதி இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். நடுவில் ஆள் தேவையே இல்லை.

பெரியப்பா சொல்வது பாதி உண்மை. பத்தாம் வகுப்பு படித்து 15 ஆண்டு சர்வீஸ் முடித்த முன்னாள் படைவீரர், பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சலுகை உண்மையிலேயே பலருக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது. ஆனால் அதை வைத்து எம்.ஏ. சேர முடியாது, பி.எட். சேர முடியாது, அதிகாரி நிலை வேலைக்குப் போக முடியாது. அது அந்த வேலைக்கான ஒரு தளர்வு, அவ்வளவுதான். உங்கள் தம்பி கேட்பது பட்டம்.

இனி அமெரிக்கா. உங்கள் தோழி சொன்னது சரிதான். அங்கே சர்வீஸில் இருக்கும்போதே படித்தால், ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 250 டாலர் வரை, வருடத்துக்கு 4,500 டாலர் வரை ராணுவம் கட்டுகிறது. வெளியே வந்த பிறகு படிக்க வேறு திட்டம் இருக்கிறது. 2009-ல் நடைமுறைக்கு வந்த அதில் முழுத் தகுதி பெற்றவருக்கு, தன் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் என்றால், 36 மாதங்களுக்கு முழுக் கட்டணமும் கிடைக்கும்.

இதற்கெல்லாம் மூலம் 1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம். ஜி.ஐ. பில் என்பார்கள். வெறும் நன்றியில் பிறந்ததல்ல அது. முதல் உலகப்போரில் சண்டையிட்ட வீரர்கள் 1932-ல், தங்களுக்குச் சேர வேண்டிய போனஸைக் கேட்டு வாஷிங்டனில் குடும்பத்தோடு கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களை அதே நாட்டின் ராணுவத்தை வைத்தே கண்ணீர்ப்புகை வீசி விரட்டினார்கள். அடுத்த போர் முடிந்து லட்சக்கணக்கில் ஆட்கள் வேலையில்லாமல் திரும்பினால் என்ன ஆகும் என்ற பயம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. அதனால் வருடத்துக்கு 500 டாலர் வரை படிப்புச் செலவும், மாதாமாதம் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தார்கள். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். மொத்தம் 78 லட்சம் பேர் அந்தத் திட்டத்தில் படிப்போ பயிற்சியோ பெற்றார்கள், அதில் கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம். கறுப்பின வீரர்களுக்குத் தெற்கு மாநிலங்களில் பெரும்பாலான கல்லூரிகள் கதவைச் சாத்தின என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நம் நிலைமை வேறு. அங்கே கல்லூரிக்குப் போக வழி தேடிப் பட்டாளத்தில் சேர்கிறவர்கள் நிறைய. இங்கே பட்டாளத்தில் இடம் கிடைத்ததும் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள், பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் செலக்‌ஷன் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனவர் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

அப்படியானால் நம் அரசு படிப்புக்குச் செலவே செய்வதில்லையா? செய்கிறது. பிரதமரின் கல்வி உதவித்தொகை 2006-07 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 5,500 பேருக்கு, மாணவருக்கு மாதம் 2,500, மாணவிக்கு 3,000 ரூபாய். யாருக்கு? முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும், இறந்துபோன முன்னாள் படைவீரர்களின் மனைவியருக்கும். போரில் இறந்தவர், காணாமல் போனவர், நிரந்தரமாக ஊனமுற்றவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 1971 போரையொட்டி வந்தது. 2017-ல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள், பெரிய எதிர்ப்பு கிளம்பி 2018-ல் அதை நீக்கினார்கள். சர்வீஸில் இருப்பவருக்குப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கல்விப்படி உண்டு. நம் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்விலும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

எல்லாம் நல்ல திட்டங்கள். ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இவை எல்லாமே சிப்பாயை ஒரு அப்பாவாகப் பார்க்கின்றன. அவருக்கே இருபத்தைந்து வயதுதான், அவரும் படிக்க ஆசைப்படுவார் என்ற நினைப்பு இவற்றில் எங்கேயும் இல்லை.

அதிகாரிகள் விஷயத்தில் அந்த நினைப்பு தாராளமாக இருக்கிறது. தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேரும் பையன் பயிற்சி முடிந்து வரும்போது டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகப் பட்டத்தோடு வருகிறான். வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் படிக்கும் மேஜருக்கு நம் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. பட்டம் தருகிறது. சர்வீஸில் இருந்துகொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறார்கள், பயிற்சியே படிப்பாகக் கணக்கில் வருகிறது. சரியான ஏற்பாடு. அதையே ஒரு சிக்னல்மேனுக்கும், டேங்க் மெக்கானிக்குக்கும், நர்சிங் அசிஸ்டன்ட்டுக்கும் செய்தால் என்ன? அவர்கள் மாதக்கணக்கில் கற்றுக்கொள்ளும் தொழில்நுட்பம் எந்தப் பாலிடெக்னிக் பாடத்துக்கும் குறைந்ததல்ல. அமெரிக்காவில் ராணுவப் பயிற்சிக்கு இத்தனை கிரெடிட் என்று மதிப்பிடும் வேலையை 1945 முதல் கல்வியாளர்கள் அமைப்பு ஒன்று செய்து வருகிறது.

உங்கள் தம்பியின் பிரச்சினையில் பணம் சின்னப் பங்குதான். மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.ஏ. படிக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அது சிப்பாய் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். அவரிடம் இல்லாதது நேரம். ஒரு திறந்தநிலைப் படிப்பு மையத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு ஹவில்தார் மாணவராக இருந்தார். அவர் ஒப்படைப்பு (அசைன்மென்ட்) தாள்களைக் கையில் வாங்கினாலே ஒரு மரியாதை வரும். பென்சிலால் ஸ்கேல் வைத்து இழுத்த மார்ஜின், நீல மையில் சீரான எழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 1/24, 2/24 என்று எண். ஒரு தாள் தொலைந்தாலும் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகவாம். உடனிருப்பவர்கள் தூங்கியபிறகு பாரக்கின் வராந்தா விளக்கில் உட்கார்ந்து எழுதுவார் என்று சொன்னார். மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஒப்படைப்புக்கு, அதில் அவருக்கு ஒரு குறையும் இருக்காது. மீதி 70 சதவீதம் தேர்வுக்கு. டிசம்பர் தேர்வுக்கு லீவு சாங்ஷன் ஆகி, டிக்கெட் போட்டு, கடைசி வாரத்தில் ரத்தானது. ஜூனில் யூனிட்டே வேறு ஊருக்கு நகர்ந்துகொண்டிருந்தது. படிப்பில் சோம்பல் இல்லாத ஒருவர் வருடம் வருடமாகப் பின்தங்கியதை நான் பார்த்தேன். எந்த உதவித்தொகை கொடுத்தும் அதைச் சரிசெய்திருக்க முடியாது. தேர்வுக்கான லீவை எளிதில் ரத்து செய்யக் கூடாது, ரத்தானால் அடுத்த மாதமே மறுதேர்வு வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் அவர் மூன்று வருடத்தில் முடித்திருப்பார்.

அக்னிவீரர்களுக்கு ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. 2022-ல் அறிவித்த இக்னோ பட்டப்படிப்பில் பாதி கிரெடிட்டுகள் படைப்பயிற்சிக்கே கிடைத்துவிடும். மீதிப் பாதியைப் பாடமாகப் படித்தால் போதும். முதல் வருடத்தோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாம் வருடத்தோடு என்றால் டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். நான் மேலே கேட்டது இதைத்தான். இதை ஏன் எல்லாச் சிப்பாய்களுக்கும் திறக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அக்னிபத்தின் பண ஏற்பாட்டில்தான் எனக்கு வருத்தம் அதிகம். நாலு வருடம் முடித்து வெளியே வருகிறவருக்குச் சேவா நிதியாக சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி அவர் சம்பளத்திலிருந்தே பிடித்தது. நிரந்தரமாக எடுத்துக்கொள்வது 25 சதவீதம் வரைதான். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. இந்தப் பணத்தில் அவர்கள் படித்துக்கொள்ளலாமே என்கிறார்கள். நம் வீடுகள் எப்படி என்று நமக்குத் தெரியாதா? பணம் கைக்கு வரும் முன்பே அக்கா கல்யாணமும், அப்பா வாங்கிய கடனும், பாதியில் நிற்கும் மாடியும் அதைப் பங்கு போட்டிருக்கும். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல இருபத்திரண்டு வயதுப் பையனால் முடியுமா? அமெரிக்காவில் கட்டணம் நேரே கல்லூரிக்குப் போகிறது. வீட்டில் யாரும் அதைக் கேட்க முடியாது. சேவா நிதிக்கு மேல் தனியாக, கல்லூரிக்கு மட்டுமே போகக்கூடிய ஒரு தொகையை ஒதுக்கினால், அந்த ஒரு ஏற்பாடே எத்தனையோ பையன்களைக் கல்லூரிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

நியாயமா என்று கேட்டீர்கள். நியாயம்தான். அமெரிக்கச் சிப்பாயும் சம்பளம் வாங்குகிறவர்தான். நம் சிப்பாய் முப்பத்தைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார். அவருக்கு முன்னால் இன்னும் இருபது வருட உழைப்பு இருக்கிறது. அண்ணா நகரிலும் ஓ.எம்.ஆரிலும் அடுக்குமாடி வாசல்களில் செக்யூரிட்டி சீருடையில் நிற்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், ரேடார் கையாண்டவரும் பாலம் கட்டியவரும் இருப்பார்கள். அந்த வேலையில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் வேறு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் “டிகிரி இருக்கா” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதால் அவர் அங்கே நிற்கிறார் என்றால், அந்தத் திறமையை வீணாக்கியது நாம்தான்.

தம்பிக்கு இனி.

முதலில் ஏ.சி.சி. பற்றி யூனிட்டில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஆர்மி கேடட் காலேஜ். குறைந்தது இரண்டு வருடம் சர்வீஸ் முடித்த, பிளஸ் டூ படித்த, 20 முதல் 27 வயதுக்குள் இருக்கும் சிப்பாய்கள் எழுதலாம். எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகமும் தேறினால் டேராடூனில் மூன்று வருடப் படிப்பு, ஜே.என்.யு. பட்டம், பிறகு ராணுவ அகாடமிப் பயிற்சி முடித்து அதிகாரியாக வரலாம். செலவு ராணுவத்துடையது. நீங்கள் கேட்ட அமெரிக்க ஏற்பாட்டுக்கு நம்மிடம் இருப்பதில் மிக நெருங்கியது இதுதான். தம்பிக்கு வயது 25 என்பதால் தள்ளிப்போடாமல் உடனே கேட்க வேண்டும்.

அது கிடைக்கிறதோ இல்லையோ, இக்னோவில் சேரட்டும். சென்னை மையத்தில் வேண்டாம். ராணுவத்துக்கென்றே இக்னோவுக்குக் கொல்கத்தா, உதம்பூர், புனே, சண்டிமந்திர் போன்ற இடங்களில் தனி வட்டார மையங்கள் இருக்கின்றன. அருணாசலத்தில் இருப்பவருக்குக் கொல்கத்தாதான் வசதி. சேருவதற்கு முன் கமாண்டிங் ஆபீசரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும், பின்னால் தேர்வுக்கு லீவு கேட்கும்போது அது கை கொடுக்கும். தேர்வுப் படிவம் நிரப்பும்போது எந்த ஊரில் எழுதுவது என்று தேர்ந்தெடுக்கலாம். மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை முடிக்கலாம் என்பதால் ஒரு தேர்வு தப்பினாலும் பதறத் தேவையில்லை. தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தம்பி பிளஸ் டூ முடித்திருப்பது நல்லதாயிற்று, ஏனென்றால் அது இல்லாமல் வாங்கும் திறந்தநிலைப் பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை. சர்வீஸின் கடைசி வருடத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் (டி.ஜி.ஆர்.) நடத்தும் பயிற்சிகள் சிப்பாய்களுக்கு இலவசம். அது இன்னும் தூரத்தில் இருக்கிறது, பட்டம் கையில் இருந்தால் அப்போது நல்ல பயிற்சியாகக் கேட்டு வாங்கலாம்.

இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கைப் பருவங்கள். ஏ.சி.சி. முடிவுக்காகக் காத்திருக்காமல் அடுத்த பருவத்திலேயே பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஏ.சி.சி. கிடைத்துவிட்டால் இதை நிறுத்திக்கொள்ளலாம், கட்டிய சில ஆயிரம் போனால் போகட்டும். புத்தகங்களை மட்டும் யூனிட் விலாசத்துக்கு வரவழைக்காமல் ஆவடி வீட்டு முகவரிக்கே வரவழையுங்கள். யூனிட் நகர்ந்தால் பார்சல் அலைந்துகொண்டிருக்கும். நீங்கள் பிரித்து, எந்தப் பருவத்துக்கு எது தேவையோ அதை மட்டும் லீவு முடிந்து போகும்போது கொடுத்தனுப்பலாம்.

அன்புடன்,
அக்கா